பரணில் கிடந்த பழைய நேட் கிட்டைக் கட்டலாமா?

உசிலம்பட்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டை இடித்துக் கட்டும்போது பரணிலிருந்து, பாகம் பாகமாக ஒட்டிக் கட்டுகிற ஒரு பிளாஸ்டிக் விமான கிட் கிடைத்திருக்கிறது, அவருடைய சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து எப்போதோ வாங்கி வந்தது. ஃபோலண்ட் நேட், 72-ல் ஒரு பங்கு அளவு, இரண்டு இருக்கை உள்ள பயிற்சி விமானம். ஓரமெல்லாம் பிசிறு, உடம்பின் இரண்டு பாதியும் ஒன்றோடு ஒன்று சேரவில்லை, இறக்கை தொங்குகிறது, டெகால் (தண்ணீரில் நனைத்து விமானத்தின் மேல் ஒட்டுகிற படங்கள்) எல்லாம் மஞ்சளேறிக் கிடக்கிறது, ஒரு சக்கரத்தைக் காணோம். பன்னிரண்டு வயதுப் பையன் இதைக் கட்டியே ஆக வேண்டும் என்கிறானாம், அதுவும் இந்திய விமானப்படை விமானமாக. கட்ட முடியுமா, இல்லை தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கித் தரட்டுமா என்பது கேள்வி.

தூக்கிப் போடாதீர்கள் தம்பி. இதே அச்சில் வந்த நேட்டை நான் இரண்டு முறை கட்டியிருக்கிறேன், மூன்றாவது கிடைத்தாலும் கட்டுவேன். வில்லாபுரத்தில் வண்டிகளுக்குப் பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன், அது தொழில். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இந்தக் குட்டி விமானங்கள். இரண்டும் ஒரே வேலைதான் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. இடித்து நசுங்கி வந்த காரும் இந்த கிட்டும் ஒன்று. பொருந்தாததைப் பொருத்த வேண்டும், பள்ளத்தை நிரப்ப வேண்டும், தேய்க்க வேண்டும், அப்புறம்தான் நிறம். இப்போது வருகிற புது கிட்டுகள் டப்பாவைத் திறந்தால் தானே போய் ஒட்டிக்கொள்கிற மாதிரி இருக்கும். அதில் பையன் ஒட்டக் கற்றுக்கொள்வான், அவ்வளவுதான். இதில் எல்லாமே கற்றுக்கொள்ளலாம். கெட்டுப்போனாலும் நஷ்டம் இல்லை என்பதால் கை நடுங்காது.

முதலில் அந்த இறக்கை. நல்ல வேளை கேட்டீர்கள், இல்லையென்றால் இந்நேரம் சுடுதண்ணீரில் போட்டு நிமிர்த்தியிருப்பீர்கள். நேட்டின் இறக்கை தொங்கத்தான் செய்யும். உடம்பின் முதுகில் உட்கார்ந்து, நுனி இரண்டும் கீழ்நோக்கிச் சரிந்திருப்பதுதான் அந்த விமானத்தின் உருவமே. முன்னாலிருந்து பார்த்தால் பறவை சிறகை லேசாகத் தாழ்த்தி வைத்த மாதிரி இருக்க வேண்டும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: இரண்டு பக்கமும் ஒரே அளவு தொங்குகிறதா என்பது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, நுனியிலிருந்து கண்ணாடி வரை இரண்டு பக்கமும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால், அந்தப் பக்கம் மட்டும்தான் கோணல்.

அதை எப்படிச் சரிசெய்வது என்றால், இந்தப் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் 100 டிகிரி வாக்கில் தொய்ந்துவிடும். அதனால் கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். அடுப்பை அணைத்து இரண்டு மூன்று நிமிஷம் கழித்து, கோணல் உள்ள பகுதியை மட்டும் அரை நிமிஷம் முக்கி எடுத்து, கையால் மெதுவாக வளைத்துப் பிடித்தபடியே பச்சைத்தண்ணீரில் விடுங்கள். ஒரே தடவையில் நிமிராது. நாலைந்து தடவை ஆகும். அவசரப்பட்டு ஒரேயடியாக வளைத்தால் நடுவில் வெள்ளையாகக் கோடு விழும், அந்த இடம் பலமிழந்துவிட்டது என்று அர்த்தம்.

இந்த மாதிரி கிட்டுகள் ஏன் இப்படி வருகின்றன என்று பையன் கேட்பான், சொல்லி வையுங்கள். எஃகு அச்சின் இரண்டு பாதிக்கு நடுவே உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். அச்சு தேயத் தேய இரண்டு பாதிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும், அதன் வழியே கசிந்து வருவதுதான் நீங்கள் பார்க்கிற பிசிறு. தடித்த இடங்களில் உள்ளே மெதுவாக ஆறிச் சுருங்கும்போது மேல்பரப்பை உள்ளே இழுக்கும், அதுதான் அம்மைத் தழும்பு மாதிரி தெரிகிற குழி. அந்தக் காலத்து அச்சுகள் நாடு நாடாகப் போனவை. இங்கிலாந்தில் ஃபிராக் என்ற கம்பெனி இருந்தது, 1936-லேயே இந்த 72 அளவில் செல்லுலோஸ் அசிடேட் பிளாஸ்டிக்கில் கிட் விட்டவர்கள். பின்னால் அவர்களுடைய அச்சுகள் பல 1970-களில் சோவியத் நாட்டுக்குப் போய், நோவோ என்ற பெயரில் திரும்பி வந்தன. ஏர்ஃபிக்ஸ் என்ற இன்னொரு இங்கிலாந்துக் கம்பெனி முதல் விமானமாக ஸ்பிட்ஃபயரை விட்டது 1953-ல். உல்வொர்த் கடையில் இரண்டு ஷில்லிங், பாலிதீன் பையில் போட்டு மேலே ஒரு காகிதத்தைப் பின் அடித்துக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடப் பையன்கள் கைக்காசில் வாங்கி சாயங்காலம் கட்டி முடிப்பதற்காகச் செய்தவை இவை. கண்ணாடி அலமாரியில் வைத்து அளந்து பார்ப்பார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. 72 என்ற கணக்கும் எளிது: ஆறு அடிக்கு ஓர் அங்குலம். நிஜ பயிற்சி நேட்டின் இறக்கை விரிவு 24 அடி, அப்படியென்றால் உங்கள் கையில் இருப்பது நாலு அங்குலம் இருக்க வேண்டும். பையனையே அளக்கச் சொல்லுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். பாகங்கள் கோத்து வருகிற சட்டம் இருக்கிறதே, ஸ்ப்ரூ என்பார்கள், அதோடு சேர்த்தே பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் கழுவுங்கள். அச்சில் தடவிய எண்ணெய்ப் பிசுக்கும் பரண் தூசியும் போனால்தான் பெயிண்ட் பிடிக்கும். பாகங்களைக் கையால் முறுக்கிப் பிய்க்கக் கூடாது, நகவெட்டியால் சற்றுத் தள்ளி வெட்டி மீதியை அரத்தால் ராவ வேண்டும். ஊசி அரமும் சாமணமும் தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகைப் பட்டறைக்காரர்களுக்குச் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். ஆன்லைனில் மாடல் செய்வதற்கென்றே விற்பதைவிட அவை நன்றாக இருக்கின்றன. வாட்டர் பேப்பர் 400, 600, 1000 மூன்று நம்பரும் எந்த பெயிண்ட் கடையிலும் கிடைக்கும்.

பசை விஷயத்தில் மட்டும் காசு பார்க்காதீர்கள். பிளாஸ்டிக் மாடலுக்கென்று வருகிற, மூடியிலேயே பிரஷ் வைத்த திரவப் பசை ஒரு பாட்டில் ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். அது மற்றப் பசை மாதிரி நடுவில் நின்று பிடிப்பதில்லை, இரண்டு பக்கப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்கிவிட்டு ஆவியாகப் போய்விடும். போர்டு செய்கிறவர்கள் அக்ரிலிக் ஒட்டுவதற்குக் குளோரோஃபார்ம் வைத்திருப்பார்கள், அது இதையும் ஒட்டும், ஆனால் பையன் உட்கார்ந்து செய்கிற இடத்தில் அது வேண்டவே வேண்டாம். பிவிசி குழாய்ப் பசையும் வேண்டாம், கனமாக விழுந்து தின்றுவிடும். எதுவானாலும் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ஒட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் பசை இல்லாமல் செல்லோடேப் போட்டுச் சேர்த்துப் பாருங்கள். இந்த கிட்டில் உடம்பின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் மூக்குப் பக்கம் படி மாதிரி ஏற்ற இறக்கம் நிற்கும். காரணம், உள்ளே பொருத்துவதற்காக வைத்திருக்கிற குச்சிகள். அவை தவறான இடத்தில் இருக்கின்றன. தயங்காமல் எல்லாக் குச்சியையும் வெட்டி எறியுங்கள். அப்புறம் மூக்கிலிருந்து தொடங்கி ஒவ்வோர் அங்குலமாக விரலால் சரிபார்த்து, அந்த அளவுக்கு மட்டும் பசை விட்டு, பத்து நிமிஷம் பிடித்து, அடுத்த அங்குலம் என்று வால் வரை போக வேண்டும். ஒரு சாயங்காலம் முழுக்க இதற்கே போகும். போகட்டும். இந்த ஒரு இடத்தில் பொறுமையாக இருந்தால் பின்னால் பாதி பட்டி வேலை மிச்சம்.

மூடுவதற்கு முன்னால் மூக்குக்குள் எடை வைக்க மறந்துவிடாதீர்கள். நேட் மூன்று சக்கரத்தில் நிற்கிற விமானம், முன்னால் கனம் இல்லையென்றால் வாலைத் தரையில் வைத்து மூக்கை ஆகாயத்தைப் பார்த்துத் தூக்கிக்கொள்ளும். தூண்டிலுக்குப் போடுகிற ஈயக்குண்டு போதும். அதை நீங்கள் வையுங்கள், பையன் கையில் கொடுக்க வேண்டாம், வைத்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எம்சீல் வைத்து அமுக்கிவிடுங்கள், வெள்ளைப் பசை வேண்டாம். மூடிய இடத்தில் வெள்ளைப் பசையும் ஈயமும் சேர்ந்து இருந்தால் ஈயம் வெள்ளையாகப் பூத்துப் பருத்து, வருஷக்கணக்கில் உடம்பையே பிளந்துவிடும்.

இறக்கை முதுகில் உட்காருகிற இடத்தில் உங்களுக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி வரும். எனக்கு இரண்டு தடவையும் வந்தது. அதைப் பட்டியால் அடைக்காதீர்கள், பட்டி மெல்லிய வேலைக்கு மட்டும். ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் அந்த ஸ்ப்ரூவைப் பொடிப்பொடியாக வெட்டிப் போட்டு, முங்குகிற அளவு திரவப் பசை ஊற்றி இரண்டு நாள் மூடி வைத்தால் கஞ்சி மாதிரி ஆகும். அதை ஈர்க்குச்சியால் எடுத்து இடைவெளியில் நிரப்புங்கள். காய்ந்தபின் அதுவும் அதே பிளாஸ்டிக்தான், அரத்துக்கு ஒரே மாதிரி இடம் கொடுக்கும், பின்னால் விரிசல் விடாது. காய மட்டும் ஒரு வாரம் விட வேண்டும். பெரிய இடைவெளிக்குப் பழைய சிடி டப்பாவிலிருந்து கீற்று நறுக்கி வைக்கலாம், பெரும்பாலும் அதுவும் பாலிஸ்டைரீன்தான். ஐஸ்கிரீம் கப்பின் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று போட்டிருந்தால் அதுவும் இதே இனம்.

இனிப் பட்டி. எங்கள் பட்டறையில் வைக்கிற என்.சி. பட்டியே இதற்குப் போதும், ஆனால் காருக்கு இழுக்கிற மாதிரி இழுக்கக் கூடாது. அதில் இருக்கிற தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்னும். விசிட்டிங் கார்டு ஓரத்தால் மெல்லிசாக ஒரு படலம், ஒரு நாள் காய விடுவது, 400-ல் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பு, மறுபடி ஒரு படலம். பட்டி காயும்போது சுருங்கும், அதனால் ஒரே தடவையில் மட்டமாக்க நினைத்தால் மறுநாள் பள்ளம் விழுந்திருக்கும். தேய்த்தது சரியாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நாங்கள் காருக்குச் செய்கிறதையே செய்யுங்கள்: தேய்த்த இடத்தின் மேல் கறுப்பு பெயிண்டை ரொம்ப லேசாகத் தூவி, காய்ந்தபின் 600-ல் தேயுங்கள். கறுப்பு எங்கே போகாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம். வெள்ளை தெரிந்துவிட்ட இடம் மேடு. பையனுக்கு இது ரொம்பப் பிடிக்கும், என் மகள் சின்ன வயதில் இதற்காகவே ராத்திரி தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

தின்னரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எனக்குப் பதினாலு வயது இருக்கும், பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். முதல் கிட், அது ஒரு ஹண்டர் விமானம். பெயிண்ட் சரியாக வரவில்லை என்று, வண்டிக்குத் துடைக்கிற மாதிரியே கழிவுத் துணியில் தின்னரை நனைத்து ஒரே இழுப்பாக இழுத்தேன். துணி ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது இறக்கையின் மேல்பரப்பு அல்வா மாதிரி நூல் நூலாக அதோடு வந்தது. அன்று அழுதேன். லாக்கர் தின்னர் பாலிஸ்டைரீன் பக்கமே போகக் கூடாது. ஸ்ப்ரே கேனில் அடிப்பதாக இருந்தாலும் அதிலும் அதே சமாச்சாரம்தான் இருக்கிறது, ஆகவே ஓர் அடி தள்ளி நின்று பனி விழுந்த மாதிரி நாலைந்து தூவல், ஒவ்வொன்றுக்கும் நடுவே நன்றாகக் காய விட வேண்டும். நனைகிற அளவு ஒரே தடவை அடித்தால் தோல் சுருங்கிவிடும். ஐப்பசி மழை நாளில் அடிக்கவே அடிக்காதீர்கள், ஈரக்காற்றில் லாக்கர் வெள்ளை பூத்துப்போகும்.

உள்ளே இரண்டு விமானிகள் இருப்பார்கள், பார்த்தீர்களா? முகம் கிடையாது, கழுத்து கிடையாது, கை இரண்டும் மடியோடு உருகிச் சேர்ந்திருக்கும், ஒருவருக்கு முதுகில் கால் ரூபாய் காசு அமுக்கின மாதிரி ஒரு வட்டம் வேறு. அச்சிலிருந்து பாகத்தை வெளியே தள்ளுகிற கம்பியின் அடையாளம் அது. நாங்கள் வீட்டில் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. என் மகள் அவர்களுக்குப் பெரிய மருது, சின்ன மருது என்று பெயர் வைத்து, அரை மணிநேரம் உட்கார்ந்து மீசை வரைந்தாள். கூண்டுக் கண்ணாடிக்குள்ளே இன்றைக்கும் அந்த மீசை தெரிகிறது. நிபுணர்கள் இவர்களை எடுத்துவிட்டு வேறு வைப்பார்கள். நீங்கள் எடுக்காதீர்கள்.

கூண்டுக் கண்ணாடியை ஒட்ட மட்டும் ஃபெவிகால். உடனே ஒட்டுகிற குயிக் பசையின் ஆவி கண்ணாடியைப் புகை படிந்த மாதிரி ஆக்கிவிடும். பழசில் கீறல் இருந்தால் 1000 வாட்டர் பேப்பர், அப்புறம் காருக்குப் போடுகிற ரப்பிங் காம்பவுண்டைத் துணியில் தொட்டுப் பொறுமையாகச் சுற்றினால் தெளிந்துவிடும்.

மஞ்சளேறிய டெகால் தாளை வெயில் விழுகிற ஜன்னல் கண்ணாடியில் படம் வெளியே பார்க்க ஒட்டிவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சள் நன்றாக வெளுக்கும். ஆனால் பழைய டெகால் தண்ணீரில் போட்டதும் தூள்தூளாகப் போகலாம், தேவையில்லாத ஒன்றை முதலில் வெட்டிப் போட்டுப் பாருங்கள்.

இப்போது பையன் கேட்கிற இந்திய விமானப்படை. இதில் அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. நம்மிடம் இருந்த ஃபோலண்ட் நேட் ஒற்றை இருக்கைச் சண்டை விமானம். இங்கிலாந்தில் பெட்டர் என்பவர் வடிவமைத்தது, பெங்களூரில் எச்.ஏ.எல். உரிமம் வாங்கிச் செய்தது. 1965 செப்டம்பர் 3-ல் நம் விமானி டிரெவர் கீலர் பாகிஸ்தானின் சேபர் விமானத்தை வீழ்த்தியதாக அறிவித்த நாளிலிருந்து அதற்கு ‘சேபர் கொல்லி’ என்று பெயர். 1971 டிசம்பர் 14-ல் ஸ்ரீநகரில் நிர்மல்ஜித் சிங் செகோன், தளத்தைத் தாக்க வந்த சேபர்களை எதிர்த்துத் தனியாக நின்று உயிரை விட்டதும் இந்த நேட்டில்தான். விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். உங்கள் கையில் இருக்கிற இரட்டை இருக்கை வேறு உடம்பு. நிஜத்தில் மூன்று அடி நீளம் கூடுதல், இறக்கை ஏறக்குறைய இரண்டு அடி கூடுதல். 72 அளவில் அது நீளத்தில் ஒரு செண்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். வெட்டிக் குறைத்து ஒற்றை இருக்கையாக்க முடியும், ஆனால் கூண்டு, முதுகு, இறக்கை மூன்றையும் மாற்ற வேண்டும். முதல் கிட்டில் அந்த வேலை பையனை அழவைத்துவிடும்.

எனக்குச் சரியென்று படுவது இது. செகோன் பேரில் ஒரு விமானம் கட்டுவதென்றால் அது சரியான உடம்போடு இருக்கட்டும், ஒற்றை இருக்கை நேட் 72 அளவில் இப்போது நல்ல கிட்டாகவே வந்திருக்கிறது, அதை அடுத்து வாங்குங்கள். இதை மஞ்சளாக அடியுங்கள். ஆமாம், முழு மஞ்சள். ரெட் ஏரோஸ் என்று சிவப்பு விமானங்களில் சாகசம் காட்டுகிற இங்கிலாந்துக் குழு தெரியுமில்லையா, 1965-லிருந்து 1979 வரை அவர்கள் பறந்தது இந்தப் பயிற்சி நேட்டில்தான். அதற்கு முன்னால் 1964-ல் யெல்லோஜாக்ஸ் என்று ஒரு குழு இதே விமானத்தை மஞ்சள் அடித்துப் பறந்தது. சிவப்புக்கு வெள்ளைப் பட்டை, வாலில் மூன்று நிறம் என்று டெகால் வேலை அதிகம், உங்கள் தாளை நம்பி இறங்க முடியாது. மஞ்சளுக்கு விமானப்படை அடையாளமான வட்டக் குறிகள் தேறினாலே போதும். அடியில் வெள்ளை அடித்துவிட்டு மேலே மஞ்சள் அடியுங்கள், நேரடியாக அடித்தால் அடியில் இருக்கிற பிளாஸ்டிக் நிறமும் பட்டி போட்ட இடமும் தெரிந்துகொண்டே இருக்கும். நான் இரண்டாவது நேட்டுக்கு அடித்தது நம் ஆட்டோ மஞ்சள், பட்டறையில் மீந்திருந்தது. மாலை வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் அதன் மேலிருந்து கண்ணை எடுக்க முடியாது.

பரப்பில் புடைத்து நிற்கிற கோடுகளும் ஆணிப் புள்ளிகளும் தேய்க்கும்போது சில இடங்களில் போய்விடும், விடுங்கள். சக்கரக் கதவுகளை மட்டும் திறந்த நிலையில் கவனமாக ஒட்டுங்கள். நேட்டில் அவை வெறும் கதவு இல்லை, பறக்கும்போது சக்கரத்தைப் பாதி இறக்கி அந்தக் கதவுகளையே காற்றுத் தடுப்பாக வைத்து வேகத்தைக் குறைப்பார்கள். இவ்வளவு சின்ன விமானத்தில் தனியாக ஒரு தடுப்பு வைக்க இடம் ஏது என்று யோசித்து ஒருவர் செய்த வேலை அது. அதைப் பையனுக்குக் காட்டாமல் விடாதீர்கள்.

காணாமல் போன சக்கரம் கவலையே இல்லை. இருக்கிற சக்கரத்துக்கு லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவி, எம்சீல் உருண்டையில் பாதி அமுக்கி எடுத்தால் அச்சு. மறுநாள் அச்சுக்கும் எண்ணெய் தடவி, புதிதாகக் கலந்த எம்சீலை அதில் அமுக்கி நிரப்பினால் சக்கரத்தில் பாதி. இரண்டு பாதி செய்து ஒட்டி ராவிவிடலாம். முதல் தடவை அச்சோடு ஒட்டிக்கொள்ளும், எண்ணெய் போதவில்லை என்று அர்த்தம். நேரில் பார்த்தால் பத்து நிமிஷ வேலை. ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் வண்டி வேலை கிடையாது, மதுரைப் பக்கம் வந்தால் பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இருக்கிற அந்த ஒரு சக்கரத்தைப் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டிக்குள் போட்டு எடுத்து வாருங்கள், பஸ்ஸில் சட்டைப் பையில் போட்டு அதையும் தொலைத்துவிட வேண்டாம்.